சிதறியவற்றைச் சேர்த்தெடுத்த கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ்

ஓவியர் என்றவுடன் தூரிகையும் வண்ணக் குழம்பும் ஏந்திய ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். வீதியிலே குனிந்து, கசங்கிய பயணச்சீட்டையும் கிழிந்த கடிதவுறையையும் அறுந்த கயிற்றுத் துண்டையும் பொறுக்கியெடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு நடக்கும் ஒருவரை ஓவியர் என்று சொன்னால் நம்மிற் பலர் நகைக்கவும் கூடும். அவர் வாழ்ந்த காலத்திலும் அவ்வாறு நகைத்தவர் பலர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் கலை வரலாற்றை எழுதப் புகும் எவரும் அவர் பெயரை விடுத்து எழுத இயலாது. ஜேர்மனியிற் பிறந்து, நோர்வேயில் அகதியாகி, இங்கிலாந்திலே கண்மூடிய கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்பாரே அவர்.

காகிதம், மரம், துணி, கம்பி, சாந்து எனப் பல்வகைப் பொருள்களை ஒரே பலகையிற் கூட்டி ஆக்கும் கலையைக் கலப்பூடகக் கலை என்று இன்று வழங்குகின்றோம். பாலர் வகுப்புப் பிள்ளைகள்கூட இக்காலத்தில் பழைய சஞ்சிகைகளைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிப் படம் செய்கின்றனர். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் இஃது எவரும் கனவிலும் கருதாத செயல். பிக்காசோவும் பிராக்கும் 1912ஆம் ஆண்டிலேயே தம் ஓவியங்களிற் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கிவிட்டனர் என்பது உண்மை. எனினும், ஒட்டுவதையே தம் வாழ்வின் தொழிலாகவும் தவமாகவும் கொண்டு, இறக்கும் நாள்வரை அதனைக் கைவிடாதிருந்தவர் ஷ்விட்டர்ஸே ஆவார்.

அவர் 1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள் வட ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. அவர்கள் பெண்களுக்கான உடுப்புக் கடையொன்றை நடத்தி வந்தனர். 1898ஆம் ஆண்டில் அதனை விற்று, அப்பணத்திலே ஐந்து வீடுகளை வாங்கி, வாடகை வருவாயில் வாழலாயினர். ஆதலால் இளமையில் வறுமை என்பதை அவர் அறியார். ஆனால் வேறொரு துயர் அவருக்காகக் காத்திருந்தது. நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் அவர் தமக்கென ஒரு தோட்டம் வைத்திருந்தார். ரோசாச் செடிகளை நட்டு, மண்ணைக் குவித்துச் சிறு குன்று செய்து, குளமும் தோண்டி வைத்திருந்தார். 1901ஆம் ஆண்டில், அவருக்குப் பதினான்கு வயது நடந்தபோது, அவ்வூர்ச் சிறுவர்கள் அவர் கண்ணெதிரிலேயே அத்தோட்டத்தைச் சிதைத்து அழித்தனர். அந்த அதிர்ச்சியிலே அவர் நோயுற்று இரண்டாண்டுகள் துன்புற்றார். வலிப்பு நோய் அவரைப் பற்றியதும் அக்காலத்திலேதான். நோய்ப்படுக்கையிலே கிடந்தபோது கலையின்மீது தமக்கு நாட்டம் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்துள்ளார். தாம் ஆக்கிய ஒன்றைப் பிறர் அழிக்கக் கண்டு நிற்கும் விதி அவருக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை.

1909ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டன் நகரக் கலைக்கழகத்தில் முறையாக ஓவியம் பயின்றார். அங்கு அவர் தீட்டியவை பிறர் தீட்டியவற்றைப் போன்ற நல்ல ஓவியங்களே. அவற்றிற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. 1915இல் ஹெல்மா ஃபிஷர் என்னும் பெண்மணியை மணந்து, ஹனோவரில் பெற்றோரின் வீட்டிலேயே ஒரு பகுதியிற் குடியமர்ந்தார். அடுத்த ஆண்டில் அவர்களுக்குப் பிறந்த முதல் ஆண்குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. 1917இல் படைக்கு அழைக்கப்பட்டார். நோயின் காரணமாகச் சில திங்களிலேயே விடுவிக்கப்பெற்று, இரும்பாலையொன்றில் வரைபடம் வரைபவராகப் பணியாற்றினார். அவருடைய பிற்காலப் படங்களிற் சக்கரங்கள் மீண்டும் மீண்டும் வருவதற்கு அந்த ஆலையே காரணம். 1918ஆம் ஆண்டு நவம்பரிலே போர் முடிவுற்றது. அதே திங்களில் எர்ன்ஸ்ட் என்னும் மகனும் பிறந்தான்.

தோல்வியுற்ற ஜேர்மனியில் அன்று உணவில்லை, தொழிலில்லை, ஒழுங்கில்லை. முழுதாக எஞ்சியிருந்த பொருளே அரிது. தெருவெங்கும் துண்டுகளும் துணுக்குகளுமே கிடந்தன. அந்நிலையிற்றான் ஷ்விட்டர்ஸ் வண்ணச் சாந்தைப் பின்தள்ளிவிட்டு, கிடந்தவற்றைக் கொண்டே படம் செய்யத் துணிந்தார். டிராம் வண்டிச் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள், செய்தித்தாட் கிழியல், பொத்தான், கம்பிவலை, உடைந்த சக்கரம் முதலிய அனைத்தும் அவர் பலகையில் ஏறின. அவற்றுள் ஒரு படத்தில், வங்கியொன்றின் விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு ஒட்டப்பட்டிருந்தது. வணிகத்தைக் குறிக்கும் கொமெர்ஸ் என்னும் சொல்லின் முன்பாதி போய், மெர்ஸ் என்னும் பின்பாதி மாத்திரம் அதில் எஞ்சியிருந்தது. பொருளற்ற அந்த அரைச்சொல்லையே அவர் தம் கலைக்குப் பெயராகச் சூட்டினார். அன்று முதல் அவர் செய்த படம் மெர்ஸ் படம், அவர் நடத்திய இதழ் மெர்ஸ் இதழ், அவர் கட்டிய கட்டடமும் மெர்ஸ் கட்டடம். சில வேளைகளில் தம்மையே மெர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்.

1919ஆம் ஆண்டிலே அவர் செய்த ஒரு படத்தைப் பற்றித் தமிழ் பயிலும் மாணவருக்கு நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். பலகைத் துண்டுகளும் தாள்களும் கம்பிவலையும் கூடிய அப்படத்தில், உண்ட் என்னும் ஜேர்மன் சொல் பெரிதாகத் தெரியும். படத்திற்குப் பெயரும் அதுவே. தமிழில் நாம் அவனும் அவளும், கல்லும் மண்ணும் என்று சொல்லுகையில் வருகின்ற உம் என்னும் இடைச்சொல்லின் வேலையை ஜேர்மன் மொழியிற் செய்வது அச்சொல். நம் மொழியில் உம் தனித்து நில்லாது, ஒட்டிக்கொண்டே நிற்கும். அவர்கள் மொழியில் அது தனிச்சொல்லாக இருப்பினும், தனித்து நின்றால் அதற்குப் பொருளில்லை. இரண்டைச் சேர்த்துவைப்பதே அதன் பிறவிப் பயன். ஓர் ஓவியத்தின் பெயராக அத்தகைய சொல்லை எடுத்த மனிதரின் உள்ளம் எதனை நாடியது என்பதை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. இப்படம் ஸ்டுட்கார்ட் நகரக் கலைக்கூடத்திற்கு உரியது.

அக்காலத்திலே டாடா என்னும் இயக்கத்தினர் பெர்லினில் பழைய கலையனைத்தையும் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தனர். ஷ்விட்டர்ஸ் அவர்களோடு சேர விரும்பினார், அவர்களோ சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த வீட்டில் மனைவி மகவுடன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஒழுங்காக வாழும் இவர் எங்ஙனம் புரட்சிக்காரராவார் என்பது அவர்களுடைய எண்ணம். இதில் ஒருவகை நியாயமும் உண்டு. அவர்கள் உடைக்க வந்தவர்கள். இவரோ உடைந்ததை ஒட்ட வந்தவர். இருப்பினும் அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஆர்ப், ஹன்னா ஹோக், ரவுல் ஹவுஸ்மான் முதலியோர் அவருக்கு உற்ற நண்பராயினர். 1919இல் வெளிவந்த அன்னா புளூமே என்னும் அவருடைய விந்தைக் கவிதை நாடெங்கும் பேசப்பட்டது. ஏசப்பட்டது என்பதும் பொருந்தும். சொற்களே இல்லாமல் ஒலிகளை மாத்திரம் அடுக்கிப் பத்தாண்டு முயன்று ஓர் ஒலிக்கவிதையும் செய்தார். அச்செழுத்துக் கலையிலும் வல்லவரான அவர், விளம்பர நிலையம் ஒன்றை நடத்தி, 1929 முதல் 1934 வரை ஹனோவர் நகரசபையின் அச்செழுத்து வடிவமைப்பாளராகவும் இருந்தார். நம் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் பெலிக்கன் பேனை, மை ஆகியவற்றின் நிறுவனம் அந்நகரத்தது. அதற்கும் அவர் விளம்பரம் வரைந்ததுண்டு.

ஆனால் அவருடைய உள்ளமெல்லாம் வேறோர் இடத்தில் இருந்தது. தம் பணியறையில் ஏறக்குறைய 1923ஆம் ஆண்டளவில் ஒரு தூணை எழுப்பத் தொடங்கினார். கண்டெடுத்த பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எழுப்பிய தூண் அது. அதன் உச்சியில், பிறந்த சில நாளில் இறந்த முதற்குழந்தையின் முகத்தை வார்த்தெடுத்த வார்ப்பினை வைத்திருந்தார் என ஆய்வாளர் கூறுவர். தூண் வளர்ந்தது, சுவரைத் தொட்டது. பின்னர் மரச்சட்டங்களும் சாந்தும் கொண்டு சுவர்களும் கூரையும் மடிப்பு மடிப்பாக மூடப்பட்டன. ஓர் அறை நிறைந்ததும் அடுத்த அறைக்குப் பரவியது. பல்கனிக்கும் பரணுக்கும் சென்றது. ஒரு வீட்டின் உட்புறமே மெல்ல மெல்லச் சிற்பமாக மாறியதெனலாம். இதுவே கலை வரலாற்றிற் புகழ்பெற்ற மெர்ஸ்பாவு, அதாவது மெர்ஸ் கட்டடம்.

வெளியே வெண்மையாக வழவழப்பாகத் தெரிந்த அக்கட்டடத்தின் உள்ளே சின்னஞ்சிறு குகைகள் ஒளிந்திருந்தன. அவற்றுட் பல, நண்பர்களுக்கென ஒவ்வொன்றாக அமைக்கப்பட்டவை. வீட்டிற்கு வரும் நண்பரிடமிருந்து கேட்டோ கேளாமலோ ஏதேனும் ஒரு சிறு பொருளை எடுத்து, அவருக்குரிய குகையில் வைத்துவிடுவார். கட்டடக்கலை வல்லுநர் மீஸ் வான் டெர் ரோவின் மேசையிலிருந்து எடுத்த பென்சில், ஒருவரின் சப்பாத்துக் கயிற்றுத் துண்டு, இன்னொருவர் பாதி புகைத்த சிகரெட்டு என்றெல்லாம் அவற்றைக் கண்ட நண்பர் ஹான்ஸ் றிக்டர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். கட்டடம் வளர வளரப் பழைய குகைகள் புதிய சாந்தின் பின்னே மறைந்துபோயின. ஆயினும் அவை உள்ளேதான் இருந்தன. வெட்டிய நகத்தைக்கூட விடாத இந்தச் சேகரிப்பைக் கிறுக்குத்தனம் என்று சொல்வது எளிது. பிரிந்து போகக்கூடிய மனிதர்களை ஒரே கூரையின்கீழ் இருத்திவைக்க ஒரு மனிதர் தேடிய வழியென்றே நாம் இதனைக் கருதுகின்றோம்.

பிரிவுக்கு நெடுநாள் செல்லவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் புதுக்கலையெல்லாம் பகையென்று அறிவிக்கப்பட்டது. ஷ்விட்டர்ஸின் படைப்புகள் அரும்பொருட் காட்சிச்சாலைகளிலிருந்து அகற்றப்பட்டன. 1936ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவருடைய நெருங்கிய நண்பர்களான ஸ்பெங்கெமான் குடும்பத்தினரை இரகசியப் பொலிசார் கைது செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மகன் எர்ன்ஸ்ட் நோர்வேக்குப் புறப்பட்டார். 1937ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் தந்தையும் பின்தொடர்ந்தார். சில திங்களின் பின் மியூனிக் நகரிலே சீரழிந்த கலை என்னும் பெயரில், இகழ்வதற்கென்றே நடத்தப்பட்ட கண்காட்சியில் அவருடைய படைப்புகளும் தொங்கவிடப்பட்டன. திரும்பிச் செல்லும் வாயில் அன்றோடு அடைபட்டது.

ஹெல்மா உடன் வரவில்லை. முதிய பெற்றோரையும் வாடகை வீடுகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமென்று அவர் ஹனோவரிலேயே தங்கினார். ஆண்டுதோறும் சில திங்கள் நோர்வேக்கு வந்து கணவருடன் இருந்துவிட்டு மீள்வார். குடும்பத்தில் ஒருவர் போகவும் ஒருவர் நிற்கவும் நேரும் முடிவு எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோருட் பலருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒஸ்லோவில், தாயாரின் பிறந்தநாளையும் மகனின் திருமண நிச்சயத்தையும் ஒருங்கே கொண்டாடினர். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் இறுதியாகக் கண்டது அன்றுதான்.

நோர்வேயிலே அவர் சும்மா இருக்கவில்லை. ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள லீசாக்கர் என்னுமிடத்தில் இரண்டாவது மெர்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். மோல்டே நகருக்கு எதிரேயுள்ள யெர்தோயா என்னும் தீவிற் சிறு கற்குடிசையொன்றின் உட்சுவர்களையும் தம் வழக்கப்படி ஒட்டி நிரப்பினார். இக்காலத்துப் படைப்புகளில் இரண்டு இலண்டன் டேற் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளன. ஒன்று, 1937-38இல் செய்த சிறிய ஒட்டுப்படம். பொதிகளைப் பிரித்துச் சோதித்த சுங்க அதிகாரிகள் ஒட்டிய சிட்டைகள் அதில் இடம்பெற்றுள்ளன. அன்பு கொண்டுவந்த பொதியின்மீது அரசு கைவைத்த அடையாளத்தையே அவர் படமாக்கிவிட்டார். மற்றையது, 1920இல் ஹனோவரிலே தொடங்கிய பழைய படம். அதனைத் தம்முடன் எடுத்துவந்து, 1939இல் அதன்மேல் நோர்வே நாட்டு நாடகச் சீட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பின்னற்றுணியையும் ஒட்டி, இரண்டு பீங்கான் நாய்க்குட்டிகளையும் ஒரு பெட்டியில் வைத்துப் பொருத்தினார். ஜேர்மனியத் தாளின்மேல் நோர்வே நாட்டுத் தாள் படிந்துள்ள அப்படத்தைப் பார்க்குந்தோறும், புலம்பெயர்ந்தோரின் வாழ்வையே அடுக்கடுக்காகப் பார்ப்பதுபோலத் தோன்றும்.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. ஷ்விட்டர்ஸ், மகன், மருமகள் எஸ்தர் ஆகிய மூவரும் வடக்கு நோக்கி ஓடினர். வழியில் நோர்வே அதிகாரிகளால் லொஃபோட்டன் தீவுகளில் ஒரு பள்ளிக்கூடத்திலே தடுத்து வைக்கப்பட்டு, பின்பு ஃபிரிட்ஜொஃப் நான்சென் என்னும் கப்பலிலே தப்பி, ஜூன் மாதம் ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தனர். ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர் என்றாலும் பிறப்பால் ஜேர்மனியர் அல்லவா? ஆதலால் பகைநாட்டு அந்நியர் என்னும் பெயரில் பிரித்தானிய அரசு அவரை முகாமுக்கு முகாம் மாற்றியது. ஜூலை 17ஆம் நாள் மான் தீவின் டக்ளஸ் நகரிலுள்ள ஹட்சின்சன் முகாமில் அவர் அடைக்கப்பட்டார்.

கடலோர விடுதி வீடுகளைச் சுற்றி முட்கம்பி வேலியிட்டு அமைத்த முகாம் அது. அடைபட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிற் பேராசிரியர்களும் இசைவாணர்களும் ஓவியர்களும் நிறைந்திருந்தனர். வண்ணமில்லை, துணியில்லை, நல்ல தாளும் இல்லை. ஷ்விட்டர்ஸ் தயங்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த லினோலியத்தைப் பெயர்த்தெடுத்து அதன்மீது தீட்டினார். தேயிலை வந்த பலகைப் பெட்டிகளை உடைத்துப் படப்பலகை செய்தார். காலையில் மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைச் சேர்த்து வைத்துச் சிற்பம் சமைத்தார்! அக்கஞ்சிச் சிற்பங்களில் பச்சை நிறப் பூஞ்சணம் மயிர்போல முளைத்திருந்ததையும் அறையெங்கும் வீசிய நாற்றத்தையும் உடனிருந்த எழுத்தாளரும் ஓவியருமான ஃபிரெட் ஊல்மான் சுவைபட எழுதியுள்ளார். கஞ்சிச் சிற்பங்கள் அழிந்துபட்டன. ஆயினும் ஊல்மானை அவர் தீட்டிய உருவப்படம் நியூகாசிலில் உள்ள ஹற்றன் கலைக்கூடத்திற்குச் சேர்ந்துள்ளது. தடுப்புக்காவலில் இருந்த காலத்தில் அவர் ஆக்கியவை இருநூறுக்கும் மேற்படும். அவற்றுட் பல, உடனிருந்தோரின் உருவப்படங்கள். இப்படங்களுக்குச் சிறு கூலியும் பெற்றார்.

தம் ஒலிக்கவிதையை ஓதியும் கதைகள் சொல்லியும் முகாமினரை மகிழ்வித்தார். இரவிலே நாயைப்போலக் குரைப்பார். கட்டிலின் கீழே படுத்துறங்குவார். அனைவரும் அவரை வேடிக்கை மனிதர் என்றே எண்ணினர். ஆனால் இளமையோடு நின்றுபோன வலிப்பு நோய் முகாமிலே மீண்டும் தலைகாட்டிற்று. அடைபட்ட துயரைப் பிறர் அறியாது உள்ளே வைத்துப் பூட்டியதே அதற்குக் காரணம் என்று மகன் கருதினார். அவருடைய கோமாளித்தனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இந்த ஒரு செய்தியை வேகமாகக் கடந்துவிடுவது நமக்கு உடன்பாடன்று.

1941ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் விடுதலை பெற்று இலண்டன் சேர்ந்தார். அங்கே எடித் தோமஸ் என்னும் இளம்பெண் அவருக்குத் துணையானார். தேநீர் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கும் பழக்கமுடையவராதலின் அக்கேள்வியின் ஆங்கில ஒலியைக்கொண்டே அவருக்குச் செல்லப்பெயரும் இட்டார் ஷ்விட்டர்ஸ். சாதாரண பேச்சும் அவர் கையில் ஒட்டுப்படத் துணுக்காகிவிடும் போலும்.

1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் இரவில் நேச நாட்டு விமானங்கள் ஹனோவர்மீது குண்டு பொழிந்தன. பதினைந்து ஆண்டுகள் வரையில் அவர் வளர்த்த மெர்ஸ் கட்டடம், அதனுள்ளே மறைந்திருந்த குகைகள், நண்பர்களின் நினைவுப் பொருள்கள் எல்லாம் சாம்பலாயின. தமக்குப் புகலிடம் தந்த நாட்டின் விமானங்களாலேயே தம் வீடு அழிந்ததை அவர் ஏற்கவேண்டியிருந்தது. 1944 ஏப்ரலிலே பாரிசவாதம் கண்டு, உடலின் ஒரு பக்கம் சில காலம் செயலிழந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் ஹெல்மா புற்றுநோயால் ஹனோவரில் இறந்தார். போர்க்காலமாகையால் அச்செய்தி டிசம்பரிலேதான் அவரை எட்டியது. அதே டிசம்பரில் இலண்டனிலே அவருடைய தனிக் கண்காட்சியொன்று நடந்தது. புகழ்பெற்ற திறனாய்வாளர் ஹேர்பட் ரீட் அதற்கு முன்னுரை வழங்கியிருந்தார். வைக்கப்பட்ட படைப்புகள் ஏறக்குறைய நாற்பது. விற்றது ஒன்றே ஒன்று.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டு ஜூனில் எடித்துடன் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஆம்பிள்சைட் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். மகன் நோர்வேக்குத் திரும்பினார். வயிற்றுப்பாட்டுக்காக மலைக்காட்சிகளை வரைந்து உல்லாசப் பயணிகளுக்கு விற்றார். ஊர் மருத்துவர், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் உருவப்படங்களைத் தீட்டினார். மருத்துவர் சதுரங்கம் ஆடும் நிலையிலே தீட்டப்பட்டார். ஓவியரும் அவரும் சதுரங்கத் தோழர்கள். வயிற்றுப்பிழைப்புக்கு வரைந்தவை இவை என்று திறனாய்வாளர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. புதிய ஊரில், புதிய மொழியில், தம்மை அறியாத மனிதரின் முகத்தை எதிரே இருந்து நெடுநேரம் நோக்கி வரைவதும் உறவு தேடும் செயலேயாகும். மறைவிலே ஒட்டுப்படங்களையும் விடாது செய்தார். அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்திருந்த ஹனோவர்த் தோழி கேற் ஸ்டைனிற்ஸின் பெயரால் 1947இல் அவர் செய்த படமொன்றில் அமெரிக்கச் சித்திரக்கதைத் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. அத்தகைய படங்கள் உலகெங்கும் பரவுவதற்கு அது பல்லாண்டு முந்தியது.

1947இல், அவருக்கு அறுபது வயது நிரம்பிய வேளையில், நியூயோர்க் நவீன கலைக்கூடம் ஆயிரம் டொலர் நிதியுதவி வழங்குவதாக அறிவித்தது. பழைய மெர்ஸ் கட்டடத்தை மீட்பதே முதல் நோக்கம். அஃது இயலாதென்று ஆனபின், எல்ரர்வாட்டர் என்னும் ஊரில் ஹரி பியர்ஸ் என்னும் தோட்டக்கலைஞருக்குச் சொந்தமான கற்கொட்டிலொன்றிலே மூன்றாவது கட்டடத்தைத் தொடங்கினார். இருண்டு, குளிர்ந்து, ஈரம் கசியும் கொட்டில். நாள்தோறும் ஆம்பிள்சைட்டிலிருந்து அங்கு செல்வார். முந்திய ஆண்டில் கால் முறிந்திருந்தது; இதயமும் தளர்ந்திருந்தது. ஆயினும் ஒரு சுவர்மீது சாந்தைப் பூசி, அருகே கிடைத்த கற்கள், மரக்கிளை, பூவாளியின் வாய், பொன்முலாம் பூசிய படச்சட்டத்தின் துண்டு, பீங்கான் முட்டை, ஒரு குழந்தையின் பந்து ஆகியவற்றைப் பதித்து, அவற்றையும் சாந்தால் அரைகுறையாக மூடி வண்ணமிட்டார். ஹனோவரிலே நண்பர்களின் பொருள்கள் இருந்த இடத்தில் இங்கே அவ்வூரின் பொருள்கள் அமர்ந்தன. வேறு சுவர்களுக்குச் செல்ல அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

1948ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் கெண்டல் நகர மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்டதென்னும் அறிவிப்பு அதற்கு முதல்நாளே வந்திருந்தது. பல்லாண்டுக் காத்திருப்பின் பின்னரே அவ்வறிவிப்பு வந்தது.

அவருக்குப் பின் நடந்தவற்றையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். நோர்வேயில் லீசாக்கரில் இருந்த கட்டடம் 1951இல் தீப்பற்றி அழிந்தது. ஹனோவர்க் கட்டடத்தின் ஓர் அறையை, 1933இல் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு 1980களின் தொடக்கத்திலே மீண்டும் அமைத்தனர். அஃது அந்நகர ஸ்பிரெங்கல் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டது. எல்ரர்வாட்டர்ச் சுவரோ மழையிலும் குளிரிலும் சிதையத் தொடங்கியது. ஓவியர் றிச்சர்ட் ஹமில்டனின் முயற்சியால் 1965இல் அச்சுவர் முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு, நியூகாசில் ஹற்றன் கலைக்கூடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. மூன்று கட்டடங்களில் அவருடைய கை பட்ட நிலையிலே தப்பிய பெரும்பகுதி அஃதொன்றே. 2013ஆம் ஆண்டில் இலண்டன் டேற் கலைக்கூடம் அவருடைய பிரித்தானிய வாழ்வை மாத்திரம் பொருளாகக் கொண்டு பெரிய கண்காட்சியொன்றை நடத்தியது. 1944இல் ஒரே படம் விற்ற அதே நகரம் அது.

ஆம்பிள்சைட் தேவாலய முற்றத்தில் அவரை அடக்கம் செய்த இடத்திற்கு 1966ஆம் ஆண்டு வரையில் ஒரு கல்லும் இல்லை. அவ்வாண்டில் அவர் பெயரும் மெர்ஸ் என்னும் சொல்லும் பொறித்த கல்லொன்று நாட்டப்பட்டது. நான்காண்டுகளின் பின், 1970இல், அவருடைய எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டு ஹனோவருக்கு எடுத்துச் செல்லப்பட்டு எங்கெசோடே இடுகாட்டிலே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 1929இல் அவரே வடித்த சிற்பமொன்றின் பளிங்குப் படியை அங்கே தலைக்கல்லாக வைத்தனர். ஆம்பிள்சைட் மக்கள் தங்கள் கல்லை அகற்றவில்லை. கீழே எவரும் இல்லாத அக்கல், நினைவுக் கல்லாக அம்முற்றத்திலேயே விடப்பட்டது.